ஓதம் ஏறும் சுவர்: குமரி மேற்கில் மழையிலிருந்து வீட்டைக் காப்பது எப்படி?

விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களில் வீடு வைத்திருப்பவருக்கு ஓராண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. பெரியவர்கள் இன்றும் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரத்தில் தொடங்கி ஆவணி வரை விட்டு விட்டுப் பெய்யும். அது ஓய்ந்து சுவர் உலர்வதற்குள் ஐப்பசியில் துலா மழை பிடித்துக்கொள்ளும். இவை போதாதென்று சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடிமழையும் வரும். ஆகவே சுவர் உண்மையில் காய்வதற்குக் கிடைப்பது தை முதல் பங்குனி வரையிலான மூன்று மாதங்கள்தான். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் ஊர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பயன் கிடைக்காமல் போவதற்கு இதுவே முதல் காரணம். அங்கே மழையில் நனைந்த சுவருக்கு எட்டு மாதம் ஓய்வு உண்டு, இங்கே இல்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தின் நடுவே இருக்கும் எங்கள் பெற்றோரின் வீட்டில், மேற்கு அறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் கொப்புளித்து உதிர்வது பல ஆண்டுப் பிரச்சினையாக இருந்தது. இரண்டு முறை சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம். மூன்றாம் முறை ஒரு ஒப்பந்தக்காரர் உள்பக்கம் தரையிலிருந்து நான்கடி உயரத்துக்கு ஈரத்தடுப்பு ரசாயனம் பூசி, இனி கவலையே வேண்டாம் என்றார். அடுத்த ஆடி மாதம் அந்த நான்கடிக் கோட்டுக்கு மேலே, நூல் பிடித்தாற்போல நேராக, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. தடுக்கப்பட்ட நீர் வெளியேற வழி தேடி மேலே ஏறியிருந்தது. பிறகுதான் வெளியே சென்று பார்த்தோம். கார் நிறுத்துவதற்காக முற்றத்தில் மண் கொட்டி உயர்த்திய இடத்தில், வெளித்தரை வீட்டின் உள்தரையைவிட மூன்று விரற்கடை உயரமாக இருந்தது. அந்த மண்ணை வெட்டியெடுத்த பிறகு சுவர் காய ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆனால் காய்ந்தது, இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. நீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் பூசும் எந்தப் பூச்சும் வீண் என்பதை அங்கே கற்றேன். இந்தக் கட்டுரையில் பெயின்ட் கடைசியில் வருவதற்குக் காரணம் அதுதான்.

நீர் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

நீர் வீட்டுக்குள் வர ஐந்து வழிகளே உண்டு: மேலே கூரை, பக்கத்தில் சுவர், கீழே மண், உள்ளே நாம் வெளியிடும் ஆவி, கசியும் குழாய். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. தரையிலிருந்து மேலேறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் அலைபோல ஒரு கறைக்கோடும், விரலால் தேய்த்தால் மாவுபோல உதிரும் உப்பும் இருக்கும். கூரைக் கசிவு மழை பெய்த சில மணி நேரத்தில் அல்லது மறுநாளில் பழுப்பு வளையமாகத் தெரியும். பக்கவாட்டில் அடிக்கும் சாரல், ஜன்னல் மூலைகளிலும் மேற்குச் சுவரிலும் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும். உப்பே இல்லாமல், பீரோவுக்குப் பின்னாலும் அறை மூலைகளிலும் கரும்புள்ளிகளாகப் படர்வது உள்காற்றின் ஈரத்தால் வளரும் பூஞ்சை. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் இருக்கும் ஈரம் குழாய்க் கசிவு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஐயம் இருந்தால் செலவில்லாத ஒரு சோதனை செய்யலாம். இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள தடித்த பிளாஸ்டிக் தாளை எடுத்து, ஈரமுள்ள தரை அல்லது சுவர்மீது விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி மூடுங்கள். ஒரு நாள் கழித்து மெதுவாக உரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்முத்துகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்து உள்பக்கம் உலர்ந்திருந்தால் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்து படிகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருப்பதும் நம் ஊரில் உண்டு; அப்போது இரண்டு காரணங்களையும் சரிசெய்ய வேண்டும்.

தட்டட்டியும் ஓடும்

ஆயிரம் சதுர அடித் தட்டட்டியில், அதாவது கான்கிரீட் மொட்டை மாடியில், 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அதன்மீது விழும் நீர் ஏறத்தாழ 9,300 லிட்டர். இவ்வளவு நீரும் ஒரு நாளில், சில வேளை சில மணி நேரத்தில், இரண்டு மூன்று குழாய்கள் வழியாக இறங்கியாக வேண்டும். ஆகவே மொட்டை மாடியைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது எந்த ரசாயனம் நல்லது என்பதல்ல. வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதே. நூறடிக்கு ஓரடி என்ற அளவிலாவது தளம் குழாயை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். மழை நின்ற ஒரு மணி நேரத்தில் மேலே ஏறிப் பாருங்கள். எங்கெல்லாம் நீர் தேங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். பாசியின் கரும்பச்சைத் திட்டுகளும் அதே இடத்தைத்தான் காட்டும். அந்தப் பள்ளங்களை நிரப்பி வாட்டம் திருத்தாமல் மேலே எத்தனை அடுக்கு பூசினாலும் இரண்டாம் ஆண்டில் உரிந்துவிடும்.

கசிவு இருக்கும் இடம் தெரியவில்லை என்றால், கோடையில் குழாய் வாய்களை அடைத்து, தளத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி, 48 மணி நேரம் விடுங்கள். பழைய, கம்பி தெரியும் தளமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. கீழே கூரையில் எங்கு ஈரம் தோன்றுகிறதோ, ஓட்டை அதற்கு நேர்மேலே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நீர் கான்கிரீட்டுக்குள் கம்பி வழியே பல அடி நடந்து வந்து சொட்டும். என் அனுபவத்தில் கசிவு தளத்தின் நடுவில் இருப்பது அரிது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைக்கும் இடம், தண்ணீர்த் தொட்டியின் கால்கள், பிற்காலத்தில் நட்ட கம்பிகளின் அடி ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூலைகளில் சுவரும் தளமும் செங்கோணமாகச் சேராமல், கலவையைச் சரித்து உருட்டிப் பூச வேண்டும். தளத்தில் போடும் நீர்த்தடுப்புப் பூச்சைக் கைப்பிடிச் சுவரிலும் ஓரடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பும் உள்பக்கம் சரிந்திருக்க வேண்டும். மட்டமாக விட்டால் அதன் தலைவழியே நீர் இறங்கி வெளிச்சுவர் முழுதும் கறுக்கும்.

மயிரிழை வெடிப்புகளின்மேல் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை. வெடிப்பை விரல் நுழையும் அகலத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, தூசி ஊதி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் நிரப்பி, நனைத்துப் பதப்படுத்திய பிறகே பூச்சு போட வேண்டும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் வெடிப்பானால் ரப்பர்போல நீளும் சீலன்ட்தான் தாங்கும்.

பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டித் தளம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். மூன்றங்குலச் சுண்ணாம்புத் தளம் வெயிலின் சூட்டைத் தாங்கி, கீழேயுள்ள கான்கிரீட்டை விரிசலிலிருந்தும் காக்கும். தட்டத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு. கிடைத்தால் செலவைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்றே நான் சொல்வேன். கிடைக்காவிட்டால் தட்டோட்டை நீர்த்தடுப்புக் கலவையில் பதித்து, இடுக்குகளை முழுதாக நிரப்பச் சொல்லுங்கள். தட்டோடு பதித்த தளங்களில் கசிவு தொடங்குவது பெரும்பாலும் ஓட்டில் அல்ல, இடுக்கில்.

தட்டட்டிக்கு மேலே இரும்புச் சட்டம் நிறுத்தி ஷீட் வேய்வது நம் பகுதியில் பரவலாகிவிட்டது. இரண்டு மழைக்காலம் உள்ள ஊருக்கு அது நியாயமான வழிதான். மழையும் வெயிலும் தளத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது மரங்கள் சாய்ந்து ஓடுகள் நொறுங்கியதையும் ஷீட்டுகள் பறந்ததையும் பார்த்தவர்கள், சட்டத்தின் கால்களைக் கான்கிரீட் தூணோடு போல்ட் போட்டுப் பிணைக்காமல் விடக் கூடாது. பக்கங்களை அடைக்காமல் காற்றுப் போக வழி விடுங்கள்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வேலை எளிது, ஆனால் ஆண்டுதோறும் உண்டு. ரப்பர், பலா, அயனி இலைகள் ஓட்டு வரியில் மக்கிக் கிடந்தால் நீர் பின்னோக்கி ஏறிக் கைமரத்தை நனைக்கும். வைகாசி பிறப்பதற்குள் ஒருமுறை கூட்டி, உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டு ஓட்டின் கலவை வெடித்திருந்தால் திருத்திப் பூசுங்கள். தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கச் செல்பவர்கள் மரவேலைப்பாட்டோடு கூரையையும் கவனித்துப் பார்க்க வேண்டும். செங்குத்தான சரிவு, சுவரைவிட்டு நெடுந்தூரம் நீண்டு இறங்கும் இறவாணம், காற்று நுழைந்து போகும் மர அழிகள் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த மரத்தைச் சில நூற்றாண்டுகளாகக் காத்திருக்கின்றன. மழையைச் சுவருக்கு அப்பால் தள்ளுவதும், நனைந்ததை உலர விடுவதும் அங்கே ஒரே வேலையாக நடக்கிறது.

சாரல் அடிக்கும் சுவர்

ஒரு செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை நீரை உறிஞ்சலாம். மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். வெட்டுக்கல்லும் துளைகள் நிறைந்ததுதான். எனவே மேற்குச் சுவரில் வெளிப்பூச்சு உடையாமல் இருப்பது முக்கியம். சன்ஷேடின் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் உள்ளே, விரல் பருமனில் ஒரு பள்ளம் நீளவாக்கில் இருக்க வேண்டும். ஓடிவரும் நீர் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். புது வீடு கட்டுபவர்கள் கொத்தனாரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். கலவை இறுகிய பிறகு செய்வது இரட்டை வேலை. ஜன்னல் படியும் வெளியே சரிந்திருக்க வேண்டும்.

குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. கடல் மணலைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை ஆண்டு முழுதும் இழுத்துக்கொண்டிருக்கும். உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, அரிக்கப்பட்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்பதால், கூரையின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழும். கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும் என்பது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 456-இன் விதி. அடிப்பூச்சு விழுந்து கம்பி தெரிந்துவிட்டால் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள், பொறியாளரை அழையுங்கள்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதம்

வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது ஒன்றரை அடி தாழ்ந்திருப்பது நல்லது. சாலை உயர்ந்து, முற்றம் உயர்ந்து, வீடு மட்டும் பள்ளத்தில் நின்றுவிட்ட குடும்பங்களுக்கு அது முடியாது. அவர்கள் சுவரையொட்டி இரண்டடி அகலத்துக்கேனும் மண்ணை வெட்டி, அஸ்திவாரத்தின் மேல்மட்டத்தில் உள்ள ஈரத்தடுப்புப் பட்டைக்கு அரையடி கீழே கொண்டுவந்து, சிமென்ட் தளம் போட்டு, வெளிநோக்கி வாட்டம் கொடுத்து, அதன் ஓரத்தில் ஓடை அமைத்து நீரைச் சரிவான பக்கம் விட வேண்டும். மேலிருந்து இறங்கும் மழைக்குழாயின் வாய் சுவரடியில் விழுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கூரை நீர் முழுவதையும் அஸ்திவாரத்துக்கு ஊட்டும் ஏற்பாடு அது. குழாயை ஆறடி தள்ளி நீட்டினால்கூடப் பெரிய மாற்றம் தெரியும். சுவரை ஒட்டி வைத்திருக்கும் பூச்செடிகளையும் அகற்றுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள், அஸ்திவாரத்துக்கு மேல் செங்கல் வரிசை தொடங்குவதற்கு முன் நீர்த்தடுப்பு கலந்த கான்கிரீட் பட்டையைச் சுவர் முழுதும் இடைவெளியின்றி ஓட்டச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த வீட்டில், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் ஏற்றும் முறை இருக்கிறது. வெளியே மண்ணும் நீரோட்டமும் சரிசெய்யப்பட்டு, ஓராண்டு பொறுத்தும் ஈரம் குறையாவிட்டால் மட்டும் அதற்குச் செல்லலாம்.

சேதமான உள்பூச்சைக் கறைக்கோட்டுக்கு மேலே ஓரடிவரை உரித்தெடுத்துவிட்டு, செங்கல்லை அப்படியே விட்டுக் காய வையுங்கள். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கைக்கணக்கு. ஒன்பதங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தாலும் ஒரு கோடை முழுவதும் வேண்டும். இடையில் பூக்கும் உப்பை நீர் ஊற்றிக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் கூட்டி எடுத்து வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். நீர் பட்டால் உப்பு மறுபடி சுவருக்குள் போய்விடும். பிறகு சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்புக் கலவையால் பூசுவது நல்லது. சுண்ணாம்புப் பூச்சு ஆவியை வெளியே விடும். சிமென்டும் எண்ணெய்ப் பெயின்டும் அந்த அளவுக்கு விடாது. மேலே சுண்ணாம்பு அடித்தால் அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. கலக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் சேரும் ஆவி

கர்க்கடக (ஆடி) மாதத்தில் தரை வியர்ப்பதைப் பார்த்து, அடியில் ஊற்று இருக்கிறது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. 30 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 27 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். அதே காற்று 27 டிகிரியில் இருக்கும் டைல்ஸ் தரையைத் தொட்டால், அங்கே 26 கிராமுக்கு மேல் தாங்க முடியாததால் மிச்சம் நீராகப் படிந்துவிடும். இதற்கு நீர்த்தடுப்புப் பூச்சு எதுவும் செய்யாது, காற்றோட்டமே மருந்து. மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் வேளையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைச் சுற்ற விடுங்கள். ஏசி போட்ட அறையில் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். சமையலறையிலும் குளியலறையிலும் ஆவியை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடுவது, பிழிந்த பிறகும் அதிலிருக்கும் நீரையெல்லாம் அந்த அறைக் காற்றில் கலப்பதுதான். வராந்தாவிலோ ஷீட் வேய்ந்த தட்டட்டியிலோ கொடி கட்டுங்கள். பீரோவையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டால், பின்னால் காற்றோடி பூஞ்சை குறையும்.

பிடித்துவிட்ட பூஞ்சையை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. வித்துகள் பறந்து மூச்சில் கலக்கும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஜன்னலைத் திறந்து காய விடுங்கள். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துவதாக இருந்தால் கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளியாகி உயிருக்கே ஆபத்தாகும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அப்போது அந்த அறையில் இருக்க வேண்டாம். சுவிட்ச் பெட்டி உள்ள சுவரில் ஈரம் கண்டால் எதையும் தொடுவதற்கு முன் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனை அழையுங்கள்; மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லியாம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

எந்த மாதத்தில் எந்த வேலை

மார்கழி முடிவில், ஈரக்கோடுகள் தெளிவாகத் தெரியும்போதே, ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படமெடுத்து, கறையின் உயரத்தைப் பென்சிலால் தேதியுடன் குறித்துவையுங்கள். தையில் மண் வெட்டும் வேலையும் பூச்சு உரிக்கும் வேலையும். மாசி, பங்குனியில் தளம், வெடிப்பு, வெளிப்பூச்சு. புதுச் சிமென்ட் வேலையை ஏழு நாளாவது நனைத்து, பிறகு நன்றாகக் காய விட்டுத்தான் பெயின்ட். உள்சுவருக்குப் பெயின்ட் என்றால், பென்சில் கோட்டிலிருந்து ஈரம் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகு. இறங்கவில்லை என்றால் அடுத்த பங்குனிவரை வெறுஞ்சுவராகவே விட்டுவிடலாம். வைகாசி பிறந்ததும் தட்டட்டியில் ஏறி, குழாய் வாய்களில் அடைத்த இலையை அள்ளிவிட்டு, ஒவ்வொரு வாயிலும் இரண்டு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். அது தயங்காமல் உள்ளே இறங்கி, கீழே சுவரைவிட்டு ஆறடி தள்ளி விழுகிறதா என்பதை ஒருவர் முற்றத்தில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.